வைத்தியர்கள் கூடி நடத்தும் கிளினிக்: பணம் யார் கொடுப்பது?

பரந்தனில் சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர் கிளிநொச்சி அரச வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போவார். அது தவறினால் மாலையில் தனியார் டிஸ்பென்சரி. ஒருவர் எழுதிய துண்டை மற்றவர் பார்ப்பதில்லை. ஒரே மாத்திரையை இரு பெயரில் விழுங்குவோரும் நம்மில் உண்டு.

இங்கிலாந்தின் சஃபோக் பகுதிக் குடும்ப வைத்தியர்கள் இலாப நோக்கமற்ற கம்பனியொன்றாக இணைந்துள்ளனர். அவரவர் கிளினிக் அவரவரிடமே இருக்கிறது. மாலை, வார இறுதிச் சேவைகள் கூட்டாக நடக்கின்றன. ஊதியம் உண்டு, ஆனால் மிஞ்சுவதை யாரும் பங்கு போடுவதில்லை. இலாப நோக்கமற்றது என்றால் இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே செலவை அரசு ஏற்கிறது.

இங்கே? யாழ்ப்பாணம் மூளாயில் 1930களில் ஊரவர் கூட்டுறவு முறையில் வைத்தியசாலையே தொடங்கினர். கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனை வக்பு வருமானத்தில் பல நூற்றாண்டுகள் இயங்கியது.

வக்பும் சதகாவும் கட்டடத்துக்கும் இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் பொருந்தும். ஸகாத் அப்படியல்ல. அது தகுதியுள்ள ஏழையின் கையில் சேர வேண்டும் என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. ஏழை நோயாளியின் மருந்துக்குக் கொடுக்கலாம், வைத்தியரின் சம்பளத்துக்கு முடியாது. இந்தக் கணக்கைத் தனியாக வைக்காத அமைப்புக்குப் பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஒரு சதமும் கொடுக்கக் கூடாது.

1990 வெளியேற்றத்தின் பின் கிளிநொச்சிக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் கொஞ்சம்தான். நமக்கு மட்டும் ஒரு கிளினிக் ஓடாது. தமிழ் அயலவரும் அங்கத்தவராக வேண்டும். முதலில் மூன்று டிஸ்பென்சரிகள் ஒரே நோயாளர் கொப்பியை ஏற்று, ஞாயிறு இரவில் முறைவைத்துத் திறக்கட்டும்.