பழகும் காலத்துக்குச் சோறு

கல்லூரியில் பொருளியல் பேராசிரியராகப் பணியாற்றிய காலத்தில், ஒவ்வோர் ஆண்டும் இறுதி வகுப்பில் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். "பணமும் பயிற்சியும் தடையில்லை என்றால் எந்த வேலையைத் தேர்ந்தெடுப்பீர்கள்?" என்பதே அது.

அதுவரை ஆட்சிப் பணி, வங்கிப் பணி என்று கூறிவந்தவர்களின் விடைகள் அப்போது மாறிவிடும். ஒருமுறை, கும்பகோணம் பகுதியிலிருந்து வந்த மாணவர் ஒருவர், "நாகசுரம் செய்யக் கற்றுக்கொள்வேன்" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தபடி, "முதலில் வங்கித் தேர்வை எழுது, பிறகு பார்க்கலாம்" என்றேன். அவர் தேர்வெழுதினார், வங்கியில் சேர்ந்தார். அந்தப் 'பிறகு' இன்றுவரை வரவில்லை.

என் அறிவுரை கணக்கின்படி சரியானதுதான். தொழிலுக்குத் தொழில் கூலி வேறுபடுவதற்கு ஐந்து காரணங்களை ஆடம் ஸ்மித் 1776-இல் வெளியான 'நாடுகளின் செல்வம்' நூலில் குறிப்பிட்டார். வேலையின் இனிமை அல்லது கடுமை, கற்பதற்கு ஆகும் செலவு, வேலை தொடர்ந்து கிடைக்கும் உறுதி, தொழிலாளி மீது வைக்கப்படும் நம்பிக்கை, வெற்றிக்கான வாய்ப்பு ஆகியவையே அவை. கற்பதற்குச் செலவு அதிகமெனில், பின்னாளில் கிடைக்கும் வருமானம் அதை ஈடுசெய்ய வேண்டும். நாகசுரம் செய்யும் தொழிலில் அந்த ஈட்டுக்கு உறுதியில்லை.

நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பொருளின் பெயரைக் காக்கும். ஆச்சா மரத்தைக் கடைந்து துளையிடும் கைக்குப் பின் அடுத்த கை வருமா என்பதற்கு அக்குறியீட்டில் விடையில்லை.

அதே கேள்வியை ஓய்வுபெற்ற பின்பு எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். எனக்குக் கிடைத்த விடை, புத்தகம் பைண்டிங் செய்யும் வேலை. எங்கள் ஊரில் அத்தொழில் செய்யும் பெரியவர் ஒருவரிடம் காலைதோறும் செல்கிறேன். பாரங்களை வரிசைப்படுத்தவும் தைக்கவும் பசை தடவி அட்டை ஒட்டவும் பழகுகிறேன். ஓராண்டாகியும் என் தையல் கோணலாகவே வருகிறது. அதனால் எனக்கு எந்த இழப்பும் இல்லை. மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வந்துவிடுகிறது.

இதில்தான் எனக்கும் அந்த மாணவருக்குமான வேறுபாடு இருக்கிறது. என் கோணல் தையலுக்கு அரசு சோறு போடுகிறது. இருபது வயதில், குடும்பம் அவரது சம்பளத்தை எதிர்பார்த்திருந்த நிலையில், அவர் கடையும் முதல் கோணல் குழலுக்குச் சோறு போட எவரும் இல்லை. அவரிடம் விருப்பம் குறைவாக இருக்கவில்லை. பழகும் காலத்துக்கான வருமானமே இல்லாதிருந்தது.

பழகுநர்களுக்கு உதவித்தொகை வழங்குவது நம் நாட்டுக்குப் புதிய கருத்தன்று. தொழில் பழகுநர் சட்டம் 1961-லேயே இயற்றப்பட்டது. ஆனால், அது பெரிதும் தொழிற்சாலைகளையும் நிறுவனங்களையும் கருத்தில்கொண்டது. வீட்டுத் திண்ணையில் ஒரே ஓர் ஆசானிடம் ஆண்டுக்கணக்கில் கற்கும் இளைஞரையும், கற்பிக்கும் ஆசானையும் தாங்கும் உதவித்தொகை தேவை.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை எதிர்பாராத விடை ஒன்றைக் கூறினால், கற்க எத்தனை ஆண்டுகள் ஆகும், அதுவரை செலவுக்கு என்ன வழி என்று அவருடன் அமர்ந்து கணக்கிடுங்கள். கணக்கு இடம் தராமலும் போகலாம். பொருளியல் கற்பித்த நான், அன்று அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலே சிரித்துவிட்டேன்.