பின் பிரேக் பிடிக்கவில்லையா?

1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது முதல் நம் மளிகைக் கடைகளின் சரக்கு வண்டி மொபெட்தான். குத்தாலத்திலிருந்து கும்பகோணம் சாலையில் அரிசி மூட்டையுடன் போகும் வண்டியின் பின் பிரேக் தளர்ந்தால், உடனே அட்ஜஸ்ட் நட்டை முறுக்குகிறோம். எல்லா நேரமும் அது போதாது.

பிரேக் பிடிக்கும்போது டிரம்மை ஒட்டிய சிறு லீவரும் கேபிளும் ஏறத்தாழ செங்கோணத்தில் நிற்க வேண்டும். அதைத் தாண்டிச் சாய்ந்தால் பெரும்பாலும் ஷூ தேய்ந்திருக்கும். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் விசை ஏறாது. ஷூவை மாற்றுவதே வழி.

ஷூ நன்றாக இருந்தும் பிடிக்காவிட்டால் கேபிள் துருப்பிடித்திருக்கலாம். எண்ணெய் டின் கசிந்து ஷூவில் ஊறியிருந்தால், துடைத்துப் பயனில்லை, புதிதாகப் போடவேண்டும். ஐப்பசி மழையில் டிரம்மில் நீர் புகுந்தால், மெதுவாக ஓட்டியபடி லேசாகப் பிரேக்கை அழுத்தி வர, காய்ந்து பிடிப்பு திரும்பும்.

முறுக்கிய பின் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். உரசினால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும், பெட்ரோலும் வீண்.

மூட்டை ஏற்றி, கடைப் பையனிடம் சாவியைக் கொடுக்குமுன் முதலாளியே ஒருமுறை பிரேக்கைப் பார்ப்பது நலம். சரக்கு சிந்தினால் ஈடுகட்டிக்கொள்ளலாம். உயிருக்கு ஈடு கிடையாது.