மிஞ்சும் 24 மணி நேரம்

பொருளாதாரம் கற்பித்த காலத்தில், ஒரு வாரத்தின் 168 மணி நேரமும் எவ்வாறு செலவாகின்றன என்று முதலாண்டு மாணவர்களை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்வது என் வழக்கம். அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து படித்த மாணவர் ஒருவர் தந்த கணக்கு இன்றும் நினைவில் இருக்கிறது.

உறக்கம் 49, வகுப்பு 30, கல்லூரிக்குப் பேருந்துப் பயணம் 20. சனி, ஞாயிறுகளில் தொழிற்சாலை வேலை 16, அதற்கான பயணம் 8. உணவு, குளியல், வீட்டு வேலை 21. ஆக 144. மீதி 24.

“ஒரு முழு நாள் மிஞ்சுகிறதே, படிக்க நேரமில்லை என்கிறாயே?” என்றேன்.

“மிஞ்சுவது நாள் இல்லை ஐயா, சில்லறை” என்றார்.

அவர் சொன்னதே சரி. பேருந்து நிறுத்தத்தில் இருபது நிமிடம், வகுப்புகளுக்கு இடையே அரை மணி என்று அந்த 24 மணி நேரம் சிதறிக் கிடந்தது.

நேரத்துக்கும் விலையுண்டு என்பதை 1965-இல் வெளியான கட்டுரையில் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் விளக்கினார். படிக்கும் ஒரு மணி நேரத்தின் விலை, அந்நேரத்தில் ஈட்டியிருக்கக்கூடிய கூலி. ஒருபுறம் சிப்காட் தொழிற்பேட்டை, மறுபுறம் அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு என்றிருக்கும் ஓசூரில், அந்தக் கூலி கைக்கெட்டும் தொலைவில் நிற்கிறது. பட்டத்தின் பயனோ பல ஆண்டுகளுக்குப் பிறகே தெரியும். எனவே, இங்கே இடைநிற்கும் மாணவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. அவர் போட்ட கணக்கு குறுகிய காலத்துக்குச் சரியானது, அவ்வளவே.

சில்லறையாலும் வாங்கக்கூடியவை உண்டு. படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூர்ந்து பார்ப்பதே நாள்பட நிலைக்கிறது என்பதை ரோடிகர், கார்ப்பிக் ஆகிய உளவியலாளர்களின் 2006-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. நேற்றைய பாடத்தை நினைவுகூரப் பேருந்து நிறுத்தமே போதும். ஆனால், புதிய கோட்பாட்டைப் புரிந்துகொள்வதற்கும் கணக்குகளைப் போட்டுப் பார்ப்பதற்கும் இடையறாத இரண்டு மணி நேரமாவது தேவை. வாரத்தில் இருமுறையேனும் அதை முதலில் ஒதுக்கிவிட்டே மற்றவற்றைத் திட்டமிட வேண்டும்.

அந்த மாணவர் காலத்தில் இல்லாத உதவி ஒன்று இன்று இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்விக்கு வருவோருக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 முதலும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வழங்குகின்றன. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையையாவது தொழிற்சாலையிடமிருந்து மீட்டுக்கொள்ள அத்தொகை துணைசெய்யும்.

கல்லூரிகள் செய்யக்கூடியதும் உண்டு. அகமதிப்பீட்டுத் தேர்வு நாள்களைப் பருவத் தொடக்கத்திலேயே அறிவிக்கலாம். வகுப்பு முடிந்த பிறகும் நூலகத்தைத் திறந்து வைக்கலாம். நேரத்தைச் சரியாகச் செலவிடு என்று அறிவுரை சொல்பவர்கள், அந்த நேரம் மாணவரின் கையில் முழுதாகச் சேர வழிசெய்ய வேண்டாமா?