வயிற்று எரிச்சலுக்குச் சோடா மாவு: மூத்தோர் அறிய வேண்டியவை

கேமரன் மலைத் தோட்ட வீடுகளில் ஆப்பத்திற்கும் வடைக்கும் வாங்கி வைக்கும் சோடா மாவு, நெஞ்சு கரிக்கும்போது கைமருந்தாகவும் ஆகிவிடுகிறது. தண்ணீரில் கலக்கிக் குடித்ததும் ஏப்பம் வருகிறது, வயிறு லேசாகிறது. ஆனால், 60 வயதைத் தாண்டியவர்கள் இதை மிகவும் கவனமாகப் பயன்படுத்த வேண்டும்.

சோடா மாவு என்ன செய்கிறது?

இரைப்பையில் உள்ள அமிலத்தைச் சோடா மாவு மட்டுப்படுத்துகிறது. அப்போது உண்டாகும் வாயுதான் ஏப்பமாக வெளிவருகிறது. எரிச்சல் விரைவில் அடங்கும். ஆனால் அந்தச் சுகம் நெடுநேரம் நீடிக்காது. வயிற்றுப் புண் போன்ற காரணம் எதுவும் இதனால் குணமாவதில்லை.

இதிலும் உப்புச் சத்து உண்டு

நாவில் அதிகம் உப்புக் கரிக்காவிட்டாலும், ஒரு தேக்கரண்டி சோடா மாவில் சுமார் 1,260 மில்லிகிராம் சோடியம் உள்ளது. பெரியவர் ஒருவர் ஒரு நாள் முழுவதும் உண்பதில் சோடியம் 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உப்பைக் குறைத்துச் சமைத்துவிட்டு, சோடா மாவைக் குடித்தால் பயன் இல்லை.

யார் குடிக்கக் கூடாது?

• இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள்
• கால் வீக்கம் உள்ளவர்கள்
• உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் கூறியவர்கள்

மற்றவர்கள் எப்போதாவது குடிப்பதென்றால்

• அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். அரை கிளாஸ் தண்ணீரில் முழுவதும் கரைந்த பிறகே குடியுங்கள்.
• வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் குடிக்காதீர்கள். திடீரென உண்டாகும் வாயு இரைப்பையைப் பாதிக்கலாம்.
• மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.
• சலவைச் சோடா வேறு பொருள். அதைக் குடித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள்.

எல்லா வலியும் வாய்வு அல்ல

மாரடைப்பு சில சமயம் அஜீரணம் போலவே தொடங்கும். நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, கை, தாடை அல்லது முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை அதன் அறிகுறிகள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மேல் வயிற்றில் சங்கடமும் களைப்பும் மட்டுமே தெரியலாம். அப்போது சோடா மாவைக் கலக்கிக் குடித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். உடனே 999 எண்ணை அழையுங்கள். தோட்டத்தின் பெயரையும், வீட்டுக்கு வரும் வழியையும் தெளிவாகச் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிளில் தனியாக மலைச் சாலையில் புறப்பட வேண்டாம்.

எப்போது கிளினிக்கிற்குச் செல்ல வேண்டும்?

எரிச்சல் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தாலோ, உணவு விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, உடல் மெலிந்தாலோ சுகாதார கிளினிக்கிற்குச் செல்லுங்கள். இரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ தாமதிக்காமல் தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூட்டு வலிக்காக உண்ணும் சில மாத்திரைகளும் வயிற்றைப் புண்ணாக்கும். எனவே உண்ணும் மாத்திரைகள் எல்லாவற்றையும் உடன் எடுத்துச் சென்று காட்டுங்கள்.

அன்றாடம் செய்யக் கூடியவை

இரவு உணவைக் கொஞ்சமாக, நேரத்தோடு உண்ணுங்கள். உண்ட பின் 2 முதல் 3 மணி நேரம் படுக்காதீர்கள். காரம், எண்ணெய்ப் பலகாரம், கெட்டியான தேநீர், காப்பி ஆகியவற்றில் எது எரிச்சல் தருகிறதோ அதைக் குறையுங்கள். சோடா மாவு அடிக்கடி தேவைப்பட்டால், மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.