போன் போனா கணக்கும் போச்சா? சுருளிப்பட்டி வியாபாரிக்கு ‘கிளவுட்’ எதுக்கு?

சுருளிப்பட்டியில் ஒரு திராட்சை வியாபாரி. யாருக்கு எத்தனை பெட்டி போச்சு, பாக்கி எவ்வளவு, எல்லாமே அவர் செல்போனில்தான் இருக்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த போன் தண்ணியில விழுந்தா?

இங்கேதான் ‘கிளவுட்’ வருது. பெயர்தான் மேகம். நம்ம கணக்கு வேறு ஊரில், ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கும், அவ்வளவுதான். புது போனில் லாகின் செய்தால் பழைய பாக்கி அப்படியே வந்துவிடும்.

தேனி மாவட்டத்துக்கு இது புதுசும் இல்லை. ஏலக்காய் ஏலம் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் நடக்கிறது. எங்கே ஏலமோ, முன்பு வியாபாரி அங்கே போகணும். 2021-ல் நறுமணப் பொருட்கள் வாரியம் இரண்டு மையங்களையும் கிளவுட் வழியாக இணைத்தது. போடியில் உட்கார்ந்தே புற்றடி ஏலத்தில் விலை கேட்கலாம்!

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். ஆறு வருஷம் எந்த போன் தாங்குது?

சிக்கலும் இருக்கு. கூகுளில் இலவசம் 15 ஜிபி மட்டுமே. ஜிமெயில், போட்டோ எல்லாம் அதிலேயே அடக்கம். நிரம்பினால் பேக்கப் நின்றுவிடும். கட்டண ஆப் என்றால், சந்தாவை நிறுத்தினால் பழைய கணக்கை டவுன்லோடு செய்ய முடியுமா என்று முதலிலேயே கேளுங்க. முக்கியமா, கடைப் பையன் நம்பரில் கணக்கு தொடங்காதீங்க. அவர் வேலையை விட்டுப் போனால் ஓடிபி அவருக்குத்தான் போகும்.