எச்.ஐ.வி. தடுப்பு: சமூக அமைப்பின் தகுதியை எதைக் கொண்டு அளப்பது?

எச்.ஐ.வி. தடுப்புப் பணியில் ஓர் அமைப்பைக் கூட்டாளியாகச் சேர்க்கும் முன், அதன் ஆயத்த நிலை மதிப்பிடப்படுகிறது. பதிவுச் சான்று, தணிக்கை செய்யப்பட்ட கணக்கு, களப்பணி அனுபவம் ஆகியவை சரிபார்க்கப்படுகின்றன. பொதுப்பணத்தைக் கையாளும் அமைப்பிடம் இவற்றைக் கேட்பது நியாயமே. ஆனால் இவற்றை மட்டுமே கேட்டால், வெளியே நிறுத்தப்படுவது யார்?

கொல்கத்தாவின் சோனாகாச்சி இதற்கு விடை தருகிறது. அங்கு 1992இல் தொடங்கிய தடுப்புத் திட்டம், பாலியல் தொழிலாளர்களையே சக கல்வியாளர்களாக அமர்த்தியது. 1995இல் அவர்கள் தர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்ற தங்கள் அமைப்பை உருவாக்கினர். வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து மீளக் கூட்டுறவுச் சங்கம் தொடங்க முனைந்தபோது, உறுப்பினர் ‘நன்னடத்தை’ உடையவராக இருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. தொழிலை மறைத்துப் பதிவு செய்ய அவர்கள் மறுத்தனர். போராடித் தடையை நீக்கிய பின்னரே ‘உஷா’ கூட்டுறவுச் சங்கம் பதிவானது. 1999இல் தடுப்புத் திட்டத்தின் நிர்வாகமும் தர்பாரின் கைக்கு வந்தது. பதிவு கிடைக்காமற்போனது அப்பெண்களின் குறையன்று, விதியின் குறை.

தலித் குடியிருப்புகளில் இயங்கும் சிறு அமைப்புகளுக்கும் இத்தகைய வாயில்கள் புதியவை அல்ல. மக்களின் நம்பிக்கை இருந்தும், ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எழுத ஆளில்லை என்பதால் அவை பின்தங்குகின்றன. அதே மக்களைக் குறைந்த மதிப்பூதியத்தில் களப்பணிக்கு அமர்த்தும் பெரிய நிறுவனம் ‘தகுதியுடையது’ ஆகிவிடுகிறது.

ஆகவே மதிப்பீடு வேறு சில கேள்விகளையும் எழுப்ப வேண்டும். முடிவெடுக்கும் குழுவில் பாதிக்கப்பட்ட மக்கள் இருக்கிறார்களா? அவர்களுள் தலித்துகளும் பெண்களும் திருநர்களும் எத்தனை பேர்? தலைமையின் தவற்றை ஓர் உறுப்பினர் அச்சமின்றிச் சுட்ட முடியுமா? பரிசோதனைக்கு வருவோரின் பெயர்ப் பதிவேடு யாரிடம் இருக்கிறது? 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், ஒருவரின் ஒப்புதலின்றி அவரது நிலையை வெளியிடுவதைப் பொதுவாகத் தடை செய்கிறது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த தெருவில், கசியும் ஒரு பெயர் வேலையையும் வீட்டையும் பறிக்கக்கூடும். ஏற்கெனவே சாதியால் ஒதுக்கப்பட்டவர் மீது அது இரண்டாவது விலக்காக விழும்.

இக்கேள்விகளில் தடுமாறும் அமைப்பை நிராகரிப்பது தீர்வாகாது. கணக்கு எழுதுவதைச் சில மாதங்களில் கற்பிக்கலாம். மக்களின் நம்பிக்கையைப் பயிற்சி வகுப்பில் உருவாக்க முடியாது.

மதிப்பீடு ஒருவழிப் பாதையாகவும் இருக்கலாகாது. நிதி உரிய காலத்தில் வருமா? களப்பணியாளரைக் காவல்துறை துன்புறுத்தினால் அரசு துணை நிற்குமா? எண்ணிக்கை இலக்குகளைத் தாண்டி மக்களின் குரலை அது கேட்குமா? கூட்டாளியாக அரசு ஆயத்தமாக இருக்கிறதா என்று கேட்கும் உரிமை அமைப்புகளுக்கும் உண்டு. கையொப்பமிடும் முன் அதைக் கேட்டாக வேண்டும்.