நான் ரோபோ அல்ல!

சில வெப்சைட்டுகளில் உங்கள் பெயரைப் பதிவு செய்யும்போது "நான் ரோபோ அல்ல" என்று ஒரு சிறிய கட்டம் ஸ்கிரீனில் வரும். அதில் டிக் செய்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். ஒரு மெஷினிடம் போய் "நான் மனிதன்தான்" என்று நாம் நிரூபிக்க வேண்டியிருக்கிறதே, இது என்ன வேடிக்கை என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் இந்தச் சந்தேகம் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே கதைகளில் வந்துவிட்டது.

ரோபோ என்ற சொல்லை உலகுக்குத் தந்தது, செக் எழுத்தாளர் காரல் சாபெக் 1920-ல் எழுதிய நாடகம். அதில் ரோபோ தொழிற்சாலையைப் பார்க்க ஹெலனா என்ற பெண் வருகிறாள். முதலில் ஒரு ரோபோவை மனுஷி என்று நம்புகிறாள். அடுத்து, அங்கு வேலை பார்க்கும் மனிதர்களையே ரோபோ என்று நினைத்துவிடுகிறாள்! மனிதனைக் கண்டால் நமக்குத் தெரியும் என்ற நம்பிக்கை அங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது.

சுஜாதாவின் ஜீனோவும் ஜீவாவும்

நம் சுஜாதா இதைத் தமிழில் இன்னும் ஒரு படி மேலே கொண்டு போனார். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் என்ஜினீயராகப் பணியாற்றிய அவர், 1980களில் ஆனந்த விகடனில் "என் இனிய இயந்திரா" தொடர்கதையை எழுதினார். கதை நடக்கும் ஆண்டு 2021. அதில் வரும் ஜீனோ ஒரு ரோபோ நாய். புத்தகம் படிக்கும், கிண்டல் பேசும். அது மெஷின் என்பது எல்லோருக்கும் தெரியும். நாட்டை ஆளும் ஜீவாவையோ மக்கள் மனிதர் என்றே நம்புகிறார்கள். கடைசியில் ஜீவா வெறும் ஹோலோகிராம், அதாவது ஒளியால் உண்டாக்கிய பிம்பம் என்று தெரிகிறது.

இங்கே கேள்வி "மெஷின் மனிதனாகுமா?" என்பதல்ல. "ஒருவரை நிஜம் என்று நாம் எதை வைத்து நம்புகிறோம்?" என்பதுதான். முகத்தையும் குரலையும் வைத்துத்தானே?

குரலையும் காப்பி செய்யலாம்

2024-ல் வெளிவந்த "லால் சலாம்" படத்தில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர்.ரகுமான் கம்ப்யூட்டர் உதவியுடன் பாட வைத்தார். குடும்பத்தாரின் அனுமதியையும் பெற்றிருந்தார். பழைய ஒலிப்பதிவுகளைக் கொடுத்துப் பழக்கினால், வேறொருவர் பாடியதை அந்தக் குரலுக்கு மாற்றித் தரும் சாப்ட்வேர் இப்போது இருக்கிறது.

இதே வித்தையை மோசடிக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் புழலில் இருக்கிறீர்கள், உங்கள் மகன் எண்ணூரில் வேலை செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். புது நம்பரிலிருந்து அவன் குரலில், "அம்மா, அவசரம், உடனே பணம் அனுப்பு" என்று போன் வந்தால் என்ன செய்வீர்கள்?

* போனை வைத்துவிட்டு, உங்களிடம் உள்ள அவனுடைய பழைய நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள்.
* வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் அதைக் கேளுங்கள்.
* பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

குரலைக் காப்பி செய்யும் சாப்ட்வேருக்கு, உங்கள் வீட்டுக்குள் பேசி வைத்த அந்தச் சொல் தெரியாது. இன்றிரவு சாப்பிடும்போதே அதை முடிவு செய்துவிடுங்கள்.